அரை நாள் நயினார்

ஜம்புகுமார் வேலையை விடவில்லை. அதில் பாதியைத்தான் விட்டார். திண்டிவனத்தில் அதற்குத் தனியாக ஒரு சொல் இல்லாததால், வேலை போய்விட்டது என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அது 2007. அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. உடம்பில் கோளாறு இல்லை. முதலாளியோடு சண்டை இல்லை. குடி, சீட்டு எதுவும் இல்லை. பிறகு ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "சாயங்காலம் வீட்ல சாப்பிடணும்." கேட்டவர்கள், மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் நிற்பார்கள். அவர் சொல்லமாட்டார்.

சொல்ல நிறைய இருந்தது. அது 1993-இலிருந்து தொடங்குகிறது.

தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரத்தை மாவட்டத் தலைநகரம் ஆக்கிய வருஷம் அது. புது மாவட்டம், புது ஆபீஸ்கள், இனி வேலை கொட்டப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. செஞ்சி அருகே வல்லம் பக்கத்துக் கிராமத்தில் பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்த ஜம்புகுமாரும் விழுப்புரத்துக்கு நாலைந்து தடவை போய்வந்தார். அங்கே ஒன்றும் கொட்டவில்லை. கிடைத்தது திண்டிவனத்தில், சீனுவாசன் நடத்திய லாரி பார்சல் ஆபீசில், புக்கிங் கிளார்க் வேலை.

"காலையில ஒம்போது, ராத்திரி ஒம்போது. ஞாயித்துக்கிழமை அரை நாள்," என்றார் சீனுவாசன். "தாங்குவியா?"

"தாங்குவேங்க."

"நயினார் வூட்டுப் புள்ள. சரி, உக்காரு."

நயினார் என்பது அந்தப் பக்கத்துச் சமணர்களை ஊரார் கூப்பிடும் பெயர். செஞ்சியைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிலம் உழுகிறவர்கள், சிலர் வியாபாரம். வெங்காயம் பூண்டு சேர்க்கமாட்டார்கள். பொழுது சாய்ந்தபிறகு சாப்பிடமாட்டார்கள். முதல் வழக்கம் பார்சல் ஆபீசுக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை. இரண்டாவதுதான் இடித்தது.

ஏனென்றால் பார்சல் ஆபீசுக்குப் பொழுது விடிவதே சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான். கடைக்காரர்கள் பகல் வியாபாரத்தை ஏறக்கட்டிவிட்டு, மூன்று சக்கர வண்டியிலும் மாட்டு வண்டியிலும் சரக்கைக் கொண்டுவந்து வாசலில் தள்ளுவார்கள். எண்ணெய் டின், பாய்க் கட்டு, துணி மூட்டை, பம்பு செட்டு மோட்டார். அத்தனைக்கும் ரசீது போட்டு, ஊர்ப்பெயர் எழுதி, ஒன்பது மணிக்குள் சென்னை லாரியைக் கிளப்ப வேண்டும். அந்த நேரத்தில் புக்கிங் மேசையில் ஆள் இல்லையென்றால் ஆபீசே இல்லை.

ஆகவே ஜம்புகுமார் ஐந்தரைக்கு, மூட்டைகளுக்குப் பின்னால் நின்றபடி டிபன் பாக்ஸைத் திறப்பார். வாயில் சோறோடு "அடுத்தது யாருது?" என்பார். லோடுமேன் சின்னக்கண்ணுவுக்கு இது தினமும் வேடிக்கை.

"நயினாரே, சூரியன் கீழ போய்க்கினு கீது. ஜல்தி முழுங்கு. மென்னுக்கினு இருந்தா பாவம் வந்து சேந்துரும்."

"நீ மூட்டையைத் தூக்குடா."

"நான் தூக்கறேன். நீ மேகத்தைப் பாத்துக்கோ. மழை நாள்ல சூரியன் இருக்குதா பூட்டுதான்னு எப்படிக் கண்டுபுடிப்ப?"

மழை நாளில் அவர் நான்கு மணிக்கே சாப்பிட்டுவிடுவார். பிறகு ஒன்பதுவரை வயிறு கூவும்.

1995-இல் கல்யாணம். மனைவி ஞானமதி, செஞ்சிக்கு அந்தப் பக்கம். அடுத்த வருஷமே மகள் ப்ரியங்கா. திண்டிவனத்தில் அப்பா பங்காக வந்த பணத்தில் வாங்கிய சின்ன வீடு. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒழுங்கில் ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை.

மற்ற வீடுகளில் அப்பா ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் தட்டு வைப்பார்கள். தூங்கிய பிள்ளை எழுந்துவந்து அவர் கையால் ஒரு வாய் வாங்கிக்கொண்டு போகும். இந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அடுப்பும் அணைந்திருக்கும். ராத்திரி வருகிறவருக்குக் குளித்துவிட்டுப் படுப்பதைத் தவிர வேறு காரியம் இல்லை. காலையில் ஆளுக்கொரு அவசரத்தில் நின்றபடி எதையோ வாயில் போட்டுக்கொள்வதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் என்று பெயர். வாரக் கணக்கை முடித்து வீடு வந்துசேரப் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் குழந்தை சாப்பிட்டு முடித்திருப்பாள். அதாவது, முழுநேர வேலைக்குப் போகிற ஒரு நயினார் தன் வீட்டாரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடவே முடியாது. வேலையும் வழக்கமும் சேர்ந்து போட்ட கணக்கு இது. யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை. ஞானமதியின் அண்ணன் தரணேந்திரன் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்: "எங்க மாப்ள பம்பரம். வீட்ல பாக்கவே முடியாது."

2007 வைகாசியில் தரணேந்திரன் வீட்டுக் கல்யாணம். பகல் பந்தி. பதினொரு வயது ப்ரியங்கா புதுப் பாவாடையோடு தயிர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் பரிமாறிவந்தாள். அப்பா இலைக்கு வந்ததும் அன்பாக இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

பக்கத்து இலையிலிருந்தவர், ஜம்புகுமாருக்குப் பெரியப்பா முறை, சிரித்தார். "இன்னாம்மா இது? உங்கப்பன் தயிரைக் கண்டா ஓடுவானே. பால்குடி மறந்த நாள்ல இருந்து தொட்டது கிடையாது. உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும் தாத்தா? அப்பா ஆபீஸ்லதான சாப்பிடும்," என்றாள் ப்ரியங்கா. சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பந்தியே சிரித்தது. ஜம்புகுமாரும் சிரித்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் தயிர்ச் சோற்றை முழுவதும் சாப்பிட்டு முடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் விற்றோம் என்று நினைத்திருந்தார். எதை விற்றோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் சீனுவாசன் முன்னால் போய் நின்றார்.

"முதலாளி, இனிமே அஞ்சு மணிக்குக் கிளம்பிடறேங்க."

"எங்க, ஊருக்கா?"

"வீட்டுக்கு."

"வீட்ல இன்னா விசேஷம்?"

"சாப்பிடணுங்க."

சீனுவாசன் கண்ணாடியைக் கழற்றினார். "ஜம்பு, அஞ்சு மணிக்கு மேலதான்யா இந்த ஆபீசு. பகல்ல ஈ ஓட்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

"நானும் அதை யோசிச்சேங்க. விடிகாலையில சென்னை லாரி வந்து இறங்குது. டெலிவரி குடுக்க ஆள் இல்லாம சரக்கு தெருவுல கிடக்குது. கடைக்காரங்க வந்து கத்தறாங்க. அதை நான் பாத்துக்கறேன். காலையில ஆறுல இருந்து மத்தியானம் ஒண்ணு."

"அது அரை நாள் வேலையாச்சே."

"அரைச் சம்பளம் குடுங்க."

சீனுவாசன் குரலைத் தாழ்த்தினார். "வேற ஆபீஸ்காரன் எவனாவது கூப்பிட்டானா?"

"இல்லிங்க."

"உடம்புக்கு ஏதாவதா? வெளிய சொல்லமாட்டேன்."

"நல்லா இருக்கேங்க."

"அப்ப இன்னாதான்யா வேணும் உனக்கு?"

"சாயங்காலம் வேணுங்க."

முதலாளிக்குப் புரியவில்லை. ஆனால் விடிகாலை டெலிவரிக்கு ஆள் கிடைக்காமல் அவர் அல்லாடிக்கொண்டிருந்ததும் உண்மை. தலையை ஆட்டிவிட்டார். அன்று மாலையே சின்னக்கண்ணு பெயர் வைத்துவிட்டான்: அரை நாள் நயினார்.

வீட்டில் ஞானமதி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள்.

"அரைச் சம்பளத்துல எப்படிங்க?"

"அரிசி ஊர்ல இருந்து வருது. மல்லாட்டை எண்ணெய் வருது. வண்டியை வித்துட்டு சைக்கிள்ல போறேன்."

"அது கிடக்கட்டும். ரெண்டு மணிக்கு நீங்க லுங்கியோட வாசல்ல நின்னா நாலு பேரு கேப்பாங்களே."

"கேக்கட்டும்."

"உங்களைக் கேக்கமாட்டாங்க. என்னைத்தான் கேப்பாங்க."

அவள் சொன்னபடியேதான் நடந்தது. முதல் மாதம் தெருவே அவருக்கு நோய் என்று முடிவு செய்தது. எதிர்வீட்டு தேவகி, ஞானமதியைக் குழாயடியில் ஓரமாகக் கூப்பிட்டு, "ஸ்கேன் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டாள். இரண்டாம் மாதம் நோய் இல்லை என்று தெரிந்ததும் அவரைப் பொதுச் சொத்தாக்கிவிட்டார்கள். கரண்ட் பில் கட்ட, ரேஷனில் நிற்க, கேஸ் வந்தால் வாங்கிவைக்க, எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரைதான்.

"சார், சும்மாதான இருக்கீங்க?"

"இல்லிங்க, வேலை இருக்குது."

"என்ன வேலை?"

"நாலு மணி வரைக்கும் படுத்திருக்கணும்."

"உடம்பு வலியா?"

"இல்ல. படுத்திருக்கறதுக்குத்தான்."

இப்படிச் சொல்ல அவருக்கே முதலில் கூச்சமாக இருந்தது. ஏதோ ஒரு காரணம் சொல்லித் தப்பிக்கலாம் என்று நாக்கு துடிக்கும். வீட்டிலேயே ஏதோ தொழில் செய்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிறேன், இப்படி எதைச் சொன்னாலும் தெரு மன்னித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த மன்னிப்பை வாங்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் அதை வாங்கிவிட்டால், மறுநாள் அந்தச் சாயங்காலத்துக்கு இன்னொரு முதலாளி வந்துவிடுவான்.

தரணேந்திரன் நேரிலேயே வந்தார். "மாப்ள, இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலை எடுத்துக்குங்க. சாயங்காலம் நாலு வீடு ஏறி இறங்கினாப் போதும். ஊர் வாயாவது மூடும்."

"ஊர் வாயை மூட நான் ஏன் மச்சான் வீடு வீடா ஏறணும்?"

"ஆம்பளைன்னா காலையில போயி ராத்திரி வரணும். அதான் லட்சணம்."

"எங்க ஆபீஸ் லாரி அப்படித்தான் ஓயாம போய்ட்டு வந்துக்கினு இருந்துச்சு. இப்ப ஷெட்ல எலும்பைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க."

"உங்ககிட்ட பேச முடியாது."

"சாப்பிட்டுப் போங்க. அஞ்சாகுது."

ஐந்து மணிக்கு அந்த வீட்டில் பாய் விரியும். மூன்று பேரும் உட்காருவார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. கணக்கு டீச்சர் தலையில் குட்டியது, முருங்கை விலை, மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு வந்த கற்பூரப் பெட்டியை எவனோ தன்னுடையது என்று தூக்கிப்போனது, இவ்வளவுதான். ப்ரியங்கா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின்மேல் தூவிக்கொள்வாள் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். ஞானமதி பரிமாறிக்கொண்டே நின்றபடி சாப்பிடுகிறவள் என்பதையும் பார்த்தார். அவளை உட்காரவைக்க ஒரு வருஷம் ஆயிற்று.

நஷ்டங்கள் இருந்தன. எட்டாம் வகுப்பில் ப்ரியங்காவை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் போட வேண்டியதாயிற்று. அன்று அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எல்லாரோட அப்பாவும் முழு நாள் வேலைக்குப் போறாங்க. நீ மட்டும் ஏம்பா இப்படி?"

அவரிடம் பதில் இருந்தது. தயிர் வாளியைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பழியை அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை. "எனக்கு வேணும்னு தோணுச்சு, பண்ணேன். கோவம்னா கோவப்படு. ஆனா சாப்பிட்டுட்டுக் கோவப்படு," என்றார். அவள் அன்று சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பசியோடு கிடந்தாள். அவரும் தூங்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல் டெலிவரிக்குப் போனார். ஐந்து மணிக்கு வழக்கம்போல் பாயை விரித்தார். அவளும் வந்து உட்கார்ந்தாள்.

பத்து வருஷம் அந்தப் பாய் விரிந்தது. தெருவும் பழகிவிட்டது. சின்னக்கண்ணுகூட, கால் வலிக்கிற நாட்களில், "நயினாரே, எனக்கும் ஒரு அரை நாள் கேட்டு வாங்கிக் குடேன்" என்பான். கேட்டுப் பார்த்தார். லோடு ஏற்றுகிறவனுக்கு அரைக் கூலி கொடுத்தால் கஞ்சிக்கே பத்தாது என்று அவனே பின்வாங்கினான். கொல்லையும் சொந்த வீடும் இருப்பதால்தான் தன் பிடிவாதம் நிற்கிறது என்று ஜம்புகுமாருக்குத் தெரியும். அதை அவர் மறைத்ததில்லை. இருக்கிறவனே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது என்பது அவர் கட்சி.

2017-இல் ப்ரியங்கா விழுப்புரத்தில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். தரணேந்திரன் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் ஜிதேந்திரன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினீயர். பூர்வீகம் செஞ்சிப் பக்கம். அப்பா பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோவைப் பார்த்து இரண்டு பக்கமும் சம்மதம். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது.

"பொண்ணோட அப்பா என்ன பண்றாருன்னு கேட்டாங்க மாப்ள," என்றார் தரணேந்திரன். "பார்சல் ஆபீஸ்ல அரை நாள்னு சொன்னேன். அப்புறம், சொல்லிக்கறாப்பல ஒரு வேலை இருந்தா நல்லா இருக்கும்னாரு பையனோட அப்பா. சென்னைல அவங்களுக்கு வேண்டப்பட்டவங்க நிறைய, கேப்பாங்களாம்."

வேலையும் தயாராக இருந்தது. சீனுவாசன் விழுப்புரத்தில் பெரிதாகக் கிளை திறந்திருந்தார். பழைய ஆள், நம்பகமான ஆள், மேனேஜராக வா என்று இரண்டு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது.

இந்த முறை ஞானமதியும் அண்ணன் பக்கம் நின்றாள். "பொண்ணுக்காகங்க. ரெண்டு வருஷம். பத்து வருஷம் உங்க இஷ்டப்படி இருந்தாச்சு."

அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் டெலிவரி முடிந்ததும் விழுப்புரத்துக்கு ரயில் ஏறினார். கிளை பளபளவென்று இருந்தது. கண்ணாடி ரூம், ஏசி, சுழல்கிற நாற்காலி. சீனுவாசன் மகன் எல்லாவற்றையும் காட்டினான்.

"உங்க வழக்கம் அப்பா சொல்லியிருக்காருங்க. இதோ, மைக்ரோவேவ் வச்சிருக்கேன். அஞ்சரைக்குக் கதவைச் சாத்திக்கினு நிம்மதியா சாப்பிடுங்க. யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க."

முதலாளி மகன் நல்ல மனசோடுதான் சொன்னான். ஜம்புகுமார் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எதிரே மேசையில், டிபன் பாக்ஸ் வைக்க அளவெடுத்ததுபோல் ஓர் இடம் காலியாக இருந்தது. மூட்டைக்குப் பின்னால் நின்று தின்றதை இனி கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்னலாம். "ரெண்டு நாள்ல சொல்றேங்க" என்று எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது ப்ரியங்கா வாசலில் நின்றிருந்தாள்.

"சேரப் போறியாப்பா?"

"உனக்காகப் போலாமான்னு பாக்கறேன்."

"எனக்காகன்னு சொல்லாத. போறதா இருந்தா உனக்காகப் போ. அப்புறம் நான்தான் காரணம்னு காலம் முழுக்க என்னால தூக்கிக்கினு திரிய முடியாது."

"அவங்க வேணாம்னுட்டா?"

"வேணாம்னா போறாங்க. உன்னை மாத்திக்கினு வந்தாதான் என்னைக் கட்டுவாங்கன்னா, நாளைக்கு என்னை எதை மாத்திக்கச் சொல்வாங்க?"

பெண் பார்க்க வருவதாகச் சொன்னது ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை, மாலை நான்கு மணி. அன்று காலை டெலிவரி முடித்ததும் ஜம்புகுமார் சீனுவாசன் முன்னால் போய் நின்று, விழுப்புரம் வேண்டாம் என்று சொன்னார். வீட்டில் சொல்லவில்லை. முதலில் விருந்து முடியட்டும் என்று நினைத்தார்.

ஞானமதி மத்தியானத்திலிருந்தே அடுப்படியில் நின்றாள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, தேங்காய்ச் சட்னி, தவிர எல்லோருக்கும் ராத்திரிச் சாப்பாடு. சாப்பாடு ஐந்துக்கே வேண்டுமே. நான்கு மணி ஆயிற்று. வரவில்லை. நாலரைக்குத் தரணேந்திரன் போன் பேசிவிட்டு வந்தார்.

"இப்பதான் செங்கல்பட்டு தாண்டறாங்களாம். பையனுக்கு ஆபீஸ்ல திடீர்னு மீட்டிங்காம். சனிக்கிழமை லீவுதான், இருந்தாலும் கூப்பிட்டுட்டாங்களாம்."

ஐப்பசி மாதம். ஐந்தே முக்காலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். ஐந்து அடித்தது. ஐந்தேகால். ஞானமதி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

ஜம்புகுமார் பாயை எடுத்து விரித்தார்.

"என்ன மாப்ள பண்றீங்க?" என்றார் தரணேந்திரன்.

"சாப்பிடலாம் வாங்க."

"மாப்ள வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடியா? ஊர் சிரிக்கும்."

"அவங்க வந்து சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்கப்புறம் அவங்களும் சாப்பிட முடியாது, நாமளும் சாப்பிட முடியாது. இத்தனையும் ஆறிப் போய்க் கொட்டணும். அவங்க மீட்டிங்குக்கு நம்ம ஏன் மச்சான் பட்டினி கிடக்கணும்?"

தரணேந்திரன் வாசலிலேயே முறைத்துக்கொண்டு நின்றார். ப்ரியங்கா பட்டுப்புடவையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானமதி ஒரு கணம் தெருவைப் பார்த்தாள், ஒரு கணம் பஜ்ஜியைப் பார்த்தாள். பிறகு வந்து அமர்ந்தாள். கடைசியில் பசி தாங்காமல் தரணேந்திரனும் ஓரமாக உட்கார்ந்து, "ரெண்டு பஜ்ஜி மட்டும்," என்றார்.

அவர்கள் வந்தபோது விளக்குப் போட்டாகிவிட்டது. பையன், அப்பா, அம்மா. மூன்று முகங்களும் வாடியிருந்தன. ஞானமதி தட்டை நீட்டினாள். பையனின் அப்பா கேசரியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக இருட்டைப் பார்த்தார்.

"பொழுது போயிடுச்சேம்மா. ஒண்ணும் வேணாம்."

"எனக்குக் குடுங்க," என்றான் ஜிதேந்திரன்.

அவன் அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "காலையில இட்லி சாப்பிட்டதும்மா. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் சாப்பிடறேன். ஆபீஸ் கேன்டீன்ல. அஞ்சரைக்கு டப்பாவைத் திறந்தா எல்லாரும் ஒரு மாதிரியா பாக்கறாங்க."

ப்ரியங்கா எழுந்துபோய், ஆறிப்போன பஜ்ஜியில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சாப்பிட்டான். வேகமாக, மெல்லாமல். அந்த வேகம் ஜம்புகுமாருக்கு நன்றாகத் தெரிந்த வேகம்.

பையனின் அப்பா பேச்சை மாற்றினார். "அப்புறம், விழுப்புரத்துல மேனேஜரா சேரப் போறதா தரணேந்திரன் சொன்னாரு. நல்ல முடிவு."

"இல்லிங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப?" என்று ஞானமதியும் தரணேந்திரனும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"காலையில."

பையனின் அப்பா நிதானமானவர். குரலை உயர்த்தவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. நான் முப்பத்திரண்டு வருஷம் பேங்க்ல ஒரு நாள் லேட்டா போனதில்ல. இவனும் அப்படித்தான். உழைக்கிற குடும்பம் நாங்க. சம்பந்தி என்ன பண்றாருன்னு கேட்டா நாலு பேருக்கு நான் என்ன சொல்றது?"

"காலையில டெலிவரி பாக்கறாரு, சாயங்காலம் வீட்ல இருக்காருன்னு சொல்லுங்க."

"வீட்ல இருக்காருன்னா, ஏதாவது பண்ணிக்கினு?"

"சாப்பிட்டுக்கினு," என்றார் ஜம்புகுமார்.

ஜிதேந்திரனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. ப்ரியங்கா தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"ஒம்பதரை. சில நாள் பத்தரை."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

அவன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "பாக்கணும்," என்றான்.

"பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள் அவள்.

அவர்கள் போனபிறகு தரணேந்திரன் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கையிடம் சொன்னார்: "முடிஞ்சுது. நல்ல இடம். உன் வீட்டுக்காரரோட அஞ்சு மணி சாப்பாடு அதையும் சாப்பிட்டுடுச்சு. வெள்ளிக்கிழமை பதில் சொல்றேன்னாங்க. நீ எதுவும் எதிர்பாக்காத."

அந்த வாரம் வீட்டில் பேச்சுக் குறைவு. ஞானமதி கோபமாக இருந்தாளா, யோசனையாக இருந்தாளா என்று ஜம்புகுமாரால் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் செய்தது தவறா என்று அவரும் தினமும் சைக்கிளில் போகும்போது கேட்டுக்கொண்டார். பெண்ணுக்கு வந்த நல்ல இடம். தான் ஒரு சொல் சொல்லியிருந்தால் நடந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், அந்தப் பையன் பஜ்ஜி சாப்பிட்ட வேகத்தைத் தானும் ஒத்துக்கொண்டதாக ஆகும். அதை மட்டும் அவரால் முடியாது.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு, மூன்று பேரும் பாயில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது போன் அடித்தது. அலமாரிமேல் கிடந்த ஞானமதியின் போன். தரணேந்திரன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஜம்புகுமார் நிமிர்ந்தார். ப்ரியங்காவின் கை சோற்றில் நின்றது. பத்து வருஷமாக, போன் அடித்தால் முதலில் எழுகிறவள் ஞானமதிதான்.

அவள் எழவில்லை. "ரசம் யாருக்கு?" என்று கேட்டாள்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடியும் ஓய்ந்தது. ப்ரியங்கா அப்பளத்தை நொறுக்கிச் சோற்றின்மேல் தூவினாள். சாப்பிட்டு முடித்து, இலையை எடுத்துப் போட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் ஞானமதி போனை எடுத்தாள். ஸ்பீக்கர் போடவில்லை. அண்ணன் பேசியதை முழுவதும் கேட்டாள்.

"சரிண்ணா," என்றாள். "வேணாம்னா விடு. இல்லண்ணா, நான் அழல. சாப்பிட்டுக்கினு இருந்தேன், அதான் எடுக்கல. இனிமே இந்த நேரத்துல பண்ணாத." மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த இடம் பாத்தா, நாலு மணின்னா நாலு மணிக்கு வர்றவங்களா பாரு."